பின்வாங்கத் தெரிந்த சேனாதிபதி



போர்வீரன் ஒருவனுடைய சரித்திரத்தைச் சொல்லப் புகுகிறவர்கள் அவன் முன்னேறிச் சென்ற களங்களையும், அரசியல்வாதி ஒருவனுடைய சரித்திரத்தைச் சொல்லப் புகுகிறவர்கள் அவன் ஏறி அமர்ந்த பீடங்களையும் வரிசையாக எடுத்துக் காட்டுவது வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் எல்லைப்புறத்தில் வாழ்ந்து, இரண்டு ராஜ்யங்களுக்குக் கவர்னராகவும், ஒரு சுதந்திரக் குடியரசுக்கு இரண்டு முறை ஜனாதிபதியாகவும், பதின்மூன்று ஆண்டுகள் செனட் சபையின் அங்கத்தினராகவும் விளங்கிய ஸாம் ஹூஸ்டனைப் பற்றியும் அந்த வழக்கத்தை ஒட்டி ஒரு மாலைப் பொழுது முழுவதும் பேசிவிட முடியும். ஆயினும், அவருடைய சரித்திரத்தைப் படிக்கப் படிக்க, அவர் பிடித்த இடங்களைக் காட்டிலும் விட்டு விலகிய இடங்களே என் மனத்தை அதிகமாகக் கவர்ந்தன. பதவியில் ஏறுவதற்கு வேண்டிய சாமர்த்தியம் அந்நாளைய எல்லைப்புறத்தில் எத்தனையோ பேரிடம் இருந்தது. காலம் அறிந்து காலைப் பின்னே எடுத்து வைக்கும் நெஞ்சுரம் இவர் ஒருவரிடம் இருந்தது என்பது என் அபிப்பிராயம். அதை முன்னிட்டே இன்று பேச வந்திருக்கிறேன்.

1793-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் தேதி வர்ஜீனியாவில் ராக்பிரிட்ஜ் என்னும் பகுதியில் ஹூஸ்டன் பிறந்தார். தகப்பனார் ராணுவ உத்தியோகஸ்தர். கடன்களையும் ஒன்பது குழந்தைகளையும் வைத்துவிட்டுக் காலமானார். தாயார் எலிஸபெத் அம்மையார், மனம் தளராமல், அத்தனை குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு மலைகளைத் தாண்டி டென்னஸி ராஜ்யத்தின் மேரிவில் என்ற சிற்றூருக்குக் குடி பெயர்ந்தார். பள்ளிக்கூடம் சிறுவனுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஹோமருடைய இலியத் காவியத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று கையில் கிடைத்தபோது அதை நெட்டுருப் போடும் அளவுக்கு விரும்பிப் படித்தான். அண்ணன்மார் அவனை மளிகைக் கடை ஒன்றில் குமாஸ்தாவாக அமர்த்தினார்கள். தராசுக்கும் டிராய் நகரத்துக்கும் பொருந்தவில்லை போலும். பதினாறு வயதில் வீட்டைத் துறந்து, டென்னஸி ஆற்றைக் கடந்து, செரோக்கி இந்தியர்களிடையே போய்ச் சேர்ந்தான். அவர்களுடைய தலைவரான ஊலூட்டேக்கா, வெள்ளையர்கள் ஜான் ஜாலி என்று அழைத்தவர், அவனைத் தம் மகனாகச் சுவீகரித்து, அண்டங்காக்கையின் பெயரை அவனுக்கு இட்டார். மூன்று ஆண்டுகள் அவர்களோடு வேட்டையாடி, அவர்கள் மொழியைப் பேசி, அவர்கள் உடையை உடுத்து அவன் வளர்ந்தான். பெற்ற வீட்டை விட்டு விலகியதே அவருடைய வாழ்வின் முதல் விலகல்.

1813-இல் அவர் சேனையில் சேர்ந்தார். அப்போது தென்பகுதியில் ஆண்ட்ரூ ஜாக்ஸன் என்ற தளபதி கிரீக் இந்தியர்களை எதிர்த்துப் போர் செய்துகொண்டிருந்தார். 1814-ஆம் ஆண்டு மார்ச்சு 27-ஆம் தேதி, டல்லபூசா ஆறு குதிரை லாடத்தைப் போல வளைந்து செல்லும் இடத்தில் பெரும் சண்டை நடந்தது. மரக்கட்டைகளால் அமைத்த அரணின் மேல் ஏறி உள்ளே குதித்த முதல் சிலரில் ஹூஸ்டனும் ஒருவர். தொடையில் அம்பு ஒன்று ஆழப் பாய்ந்தது. அதைப் பிடுங்க முயன்று முடியாமல் தயங்கிய சக அதிகாரியைக் கத்தியை ஓங்கி மிரட்டிப் பிடுங்கச் செய்தார் என்று சொல்லுவார்கள். போதும், பின்னணிக்குப் போ என்று ஜாக்ஸன் கட்டளையிட்டும் கேளாமல், கடைசி அரணைத் தாக்கத் தொண்டர்கள் வேண்டும் என்ற குரல் எழுந்தவுடன் மீண்டும் ஓடி, வலது தோளில் இரண்டு துப்பாக்கிக் குண்டுகளை ஏற்றார். இவன் விடியும்வரை தங்கமாட்டான் என்று எண்ணிய வைத்தியர் ஒரு குண்டை எடுத்ததோடு நிறுத்திக்கொண்டார். விடிந்தது, அவர் இருந்தார். அந்தத் தோள்புண் மட்டும் அவர் ஆயுள் உள்ளவரை முழுவதும் ஆறவே இல்லை. முன்னால் பாய்வது என்றால் என்ன என்பதை இருபத்தொரு வயதிலேயே தம் சரீரத்தில் எழுதி வைத்துக்கொண்ட மனிதர் இவர் என்பதை நீங்கள் நினைவில் கொள்ள வேண்டும். பிற்காலத்தில் இவரைக் கோழை என்று ஏசினவர்கள் அதை மறந்துவிட்டார்கள்.

போர் முடிந்தபின் ஜாக்ஸனின் ஆதரவு அவருக்குக் கிடைத்தது. 1817-இல் செரோக்கிகளுக்கான துணை ஏஜெண்டாக அரசாங்கம் அவரை நியமித்தது. அந்த உத்தியோகத்தின் காரியம் என்ன என்று கேட்டால் மனம் கசக்கும். தம்மை மகனாக ஏற்ற ஊலூட்டேக்காவையும் அவருடைய கூட்டத்தாரையும் தங்கள் நிலங்களைக் கைவிட்டு மிஸிஸிப்பி ஆற்றுக்கு அப்பால், ஆர்க்கன்ஸாஸ் பிரதேசத்துக்குக் குடிபெயரும்படி இணங்க வைப்பதே அந்தக் காரியம். அவர்களுக்குப் பேசிய கம்பளங்களும் உணவும் ஒழுங்காகப் போய்ச் சேரவேண்டும் என்று அவர் பாடுபட்டார் என்பது உண்மை. போகச் சொன்னவர் அவரே என்பதும் உண்மை. 1818-இல் செரோக்கித் தூதுக் குழு ஒன்றை வாஷிங்டனுக்கு அழைத்துச் சென்றபோது, தாமும் செரோக்கி உடையிலேயே யுத்த மந்திரி கால்ஹூனின் முன் போய் நின்றார். மந்திரி வெகுண்டு கண்டித்தார். போதாக்குறைக்கு, அடிமைக் கடத்தலில் இவருக்குப் பங்கு உண்டு என்று, கடத்தல்காரர்களைப் பிடிக்க முயன்ற இவர்மீதே யாரோ புகாரும் சாட்டியிருந்தார்கள். விசாரணையில் குற்றமற்றவர் என்று வெளிவந்த ஹூஸ்டன், மறுபேச்சின்றிச் சேனை உத்தியோகத்தை ராஜிநாமாச் செய்தார்.

அதன்பின் நாஷ்வில் நகரத்தில் சட்டம் படித்து வழக்கறிஞரானார். டென்னஸி ஊர்ப்படையின் மேஜர் ஜெனரலானார். 1823-இலும் 1825-இலும் காங்கிரஸ் பிரதிநிதிச் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1827-இல் டென்னஸியின் கவர்னரானார். ஆறடிக்கு மேல் உயரம், கம்பீரமான குரல், நாடகப் பாங்கான உடை. ஜாக்ஸன் 1829-ஆம் ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவின் ஜனாதிபதியானபோது, அவருக்குப் பின் அந்தப் பீடத்தில் அமரக்கூடியவர் ஹூஸ்டனே என்று பேசிக்கொண்டவர்கள் பலர்.

அந்த வருஷம் ஜனவரி 22-ஆம் தேதி அவர் எலைஸா ஆலன் என்ற பெண்ணை விவாகம் செய்துகொண்டார். செல்வக் குடும்பத்துப் பெண். அவரைவிடப் பல வயது இளையவள். மூன்று மாதம் நிறைவதற்குள் அவள் தன் தகப்பனார் வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். காரணம் என்ன? ஹூஸ்டனும் சொல்லவில்லை; அந்த அம்மையாரும் சொல்லவில்லை. ஊர் மட்டும் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு வார்த்தையில் தம்மை நியாயப்படுத்திக்கொள்ளக்கூடிய நிலையிலும், அந்த வார்த்தை ஒரு பெண்ணின் பெயரைக் கெடுக்கும் என்று அவர் வாயைத் திறக்க மறுத்தார் என்றே அவருடைய நண்பர்கள் கருதினார்கள். ஏப்ரல் 16-ஆம் தேதி கவர்னர் பதவியை ராஜிநாமாச் செய்துவிட்டு, மாறுவேஷத்தில் நீராவிப் படகு ஏறி மேற்கே போய்விட்டார். நூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளாக ஆராய்ச்சியாளர்கள் அந்த மௌனத்தைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்கள்; அது திறக்கவில்லை. திறக்காமல் இருப்பதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

மேற்கே எங்கே போனார்? ஆர்க்கன்ஸாஸுக்கு அப்பால், தாமே அனுப்பி வைத்த அந்தச் செரோக்கிகளிடம் போனார். தம் வாக்கினால் ஊரிழந்த ஊலூட்டேக்கா, ஊரிழந்து வந்த மகனைத் தழுவி ஏற்றுக்கொண்டார். மகாகாவியங்களில் வரவேண்டிய இந்தக் காட்சி, சரித்திர நூல்களில் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. செரோக்கி தேசத்தின் பிரஜையாக ஹூஸ்டன் பதிவு பெற்றார். டயானா ராஜர்ஸ் என்ற செரோக்கி மாதுடன் இல்லறம் நடத்தினார். கிப்ஸன் கோட்டைக்கு அருகே ஒரு கடை வைத்தார். கடையில் இருந்த சாராயத்துக்கு முதல் வாடிக்கைக்காரர் அவரே. காக்கையின் பெயரைச் சூட்டியவர்களே பெருங்குடியன் என்று மறுபெயர் வைக்கும் அளவுக்குக் குடித்தார். ஆயினும் அக்காலத்திலும், இந்தியர்களுக்கு உரிய உணவுப் பொருள்களையும் பணத்தையும் அபகரித்த ஏஜெண்டுகளை எதிர்த்துப் பத்திரிகைகளில் எழுதவும் வாஷிங்டனுக்குப் போய் வாதாடவும் அவர் தவறவில்லை.

அப்படி வாஷிங்டனுக்குப் போயிருந்த 1832-இல், ஒஹையோ ராஜ்யத்துப் பிரதிநிதியான வில்லியம் ஸ்டான்பெரி என்பவர், இந்தியர் உணவுக் கான்ட்ராக்டு விஷயத்தில் ஹூஸ்டன் மீது சபையிலே பழி சுமத்தினார். விளக்கம் கேட்டு எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. ஏப்ரல் 13-ஆம் தேதி மாலை, பென்ஸில்வேனியா அவென்யூ என்னும் ராஜபாட்டையில் எதிர்ப்பட்ட ஸ்டான்பெரியை ஹூஸ்டன் கைத்தடியால் நையப் புடைத்தார். ஸ்டான்பெரி எடுத்த கைத்துப்பாக்கி வெடிக்க மறுத்ததால் ஹூஸ்டன் உயிர் தப்பினார். பிரதிநிதிச் சபையே நீதிமன்றமாக அமர்ந்து அவரை விசாரித்தது. அமெரிக்காவின் தேசிய கீதத்தை இயற்றிய பிரான்ஸிஸ் ஸ்காட் கீ அவருக்காக வாதாடினார். சபாநாயகர் பெயரளவில் கண்டித்து அனுப்பினார். வேறொரு கோர்ட்டு விதித்த 500 டாலர் அபராதத்தை ஜாக்ஸன் பின்னர் தள்ளுபடி செய்தார். தம்மை ஒரு சில்லறை மாஜிஸ்டிரேட்டிடம் கொண்டுபோய்ப் பத்து டாலர் அபராதம் போட்டிருந்தால் அத்தோடு தாம் ஒழிந்திருப்போம் என்றும், தேசத்தின் மகாசபையையே மேடையாகக் கொடுத்துத் தமக்கு மறுவாழ்வு அளித்துவிட்டார்கள் என்றும் ஹூஸ்டன் பிற்காலத்தில் சொல்லிச் சிரித்தாராம். தடியடியை நான் புகழ மாட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பில் மனிதரை நன்கு அறியும் ஓர் அரசியல்வாதி இருக்கிறார்.

அந்த ஆண்டு டிசம்பரில் அவர் செந்நதியைக் கடந்து டெக்ஸாஸுக்குள் புகுந்தார். அப்போது டெக்ஸாஸ் மெக்ஸிகோவைச் சேர்ந்தது. ஸ்டீபன் ஆஸ்டின் போன்றவர்கள் மெக்ஸிகோவின் அனுமதியுடன் அமெரிக்கக் குடிகளைக் கொண்டுவந்து அங்கே குடியேற்றியிருந்தார்கள். ஸாந்தா அன்னா என்ற ஜனாதிபதி பழைய அரசியல் சட்டத்தைக் கவிழ்த்து அதிகாரத்தைத் தலைநகரில் குவித்தது குடியேறிகளின் முறையீடு. அந்த முறையீட்டுக்குள் வேறு ஒன்றும் மறைந்திருந்தது என்பதைச் சொல்லாமல் விடுவது சரியன்று: மெக்ஸிகோ அடிமை முறையை ஒழித்துவிட்ட நாடு, குடியேறிகளோ பருத்தி பயிரிட அடிமைகளைக் கொண்டுவந்தவர்கள். சுதந்திரத்துக்காக எழுந்த அந்தக் கிளர்ச்சியின் கொடிக்கு அடியில் இந்த நிழலும் விழுந்தது.

1836-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் தேதி, ஹூஸ்டனின் நாற்பத்து மூன்றாவது பிறந்தநாள் அன்று, பிராஸோஸ் நதிக்கரையிலுள்ள வாஷிங்டன் என்ற சிற்றூரில் டெக்ஸாஸ் தன் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்தது. அவரும் கையொப்பம் இட்டார். இரண்டு நாள் கழித்துச் சேனாதிபதியாக நியமிக்கப்பட்டார். அதற்குள் ஸாந்தா அன்னா ஸான் அந்தோனியோ நகருக்கு வந்து அலமோ என்ற பழைய மடத்தை முற்றுகையிட்டிருந்தார். அந்தக் கோட்டையை இடித்துவிட்டுப் பீரங்கிகளோடு வெளியேறிவிடலாம் என்பது ஜனவரியிலேயே ஹூஸ்டன் தெரிவித்த யோசனை. உள்ளே இருந்தவர்கள் அதை ஏற்கவில்லை. மார்ச்சு 6-ஆம் தேதி அலமோ விழுந்தது. கோட்டையின் தளபதிகளான டிராவிஸ், பௌயி, டென்னஸியின் பெயர்பெற்ற வேட்டைக்காரரும் அரசியல்வாதியுமான டேவிட் கிராக்கெட் ஆகியோருடன், ஆயுதம் தாங்கியவர் ஏறக்குறைய அனைவரும் மாண்டார்கள். அதே மாதம் 27-ஆம் தேதி, கோலியாட் என்னும் இடத்தில் சரணடைந்திருந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட வீரர்களை ஸாந்தா அன்னாவின் உத்தரவின்படி சுட்டுக் கொன்றார்கள். அதுவும் பின்வாங்கு என்று ஹூஸ்டன் அனுப்பிய கட்டளையை உரிய காலத்தில் நிறைவேற்றாததால் வந்த வினையே.

கான்ஸாலஸ் என்ற ஊருக்கு ஹூஸ்டன் வந்து சேர்ந்தபோது அங்கே கூடியிருந்தவர்கள் 400 பேர்கூட இல்லை. பயிற்சி இல்லை, இரண்டு நாளைக்கு மேல் உணவும் இல்லை. அலமோ விழுந்த செய்தியை, அங்கே கணவனைப் பறிகொடுத்துக் கைக்குழந்தையோடு வந்த ஸூஸானா டிக்கின்ஸன் என்ற பெண்மணி கொண்டுவந்தாள். ஊரெங்கும் விதவைகளின் ஓலம். அன்று இரவே ஊருக்குத் தீ வைத்துவிட்டுக் கிழக்கு நோக்கி நடக்கும்படி அவர் கட்டளையிட்டார். அந்தப் பின்வாங்கல் ஐந்து வாரம் நீடித்தது. அடைமழை, சேறு, தட்டம்மையும் வயிற்றுக் கடுப்பும், படையின் பின்னும் முன்னும் வீடு வாசலை விட்டு ஓடும் குடும்பங்கள். கொலராடோ நதியைக் கடந்தார். பிராஸோஸ் நதி வரை வந்தார். வழியில் ஓரிடத்தில் எதிரியின் ஒரு பகுதி எட்டும் தூரத்திலேயே இருந்தது. அடிக்கலாம் என்று அதிகாரிகள் துடித்தார்கள். அவர் அடிக்கவில்லை. வெற்றி பெற்றாலும் காயம்பட்டவர்களைச் சுமக்க வண்டி இல்லை, தோற்றால் இன்னொரு சேனை இல்லை என்ற கணக்கு அவர் மனத்தில் இருந்தது. வீரர்கள் முணுமுணுத்தார்கள், சிலர் கலைந்து வீட்டுக்குப் போனார்கள், வேறொரு தளபதியைத் தேர்ந்தெடுக்கலாமா என்று ரகசியக் கூட்டம் போட்டார்கள். இடைக்கால ஜனாதிபதி பர்னெட், எதிரி உங்களைப் பார்த்துச் சிரிக்கிறான் என்னும் கருத்துப்பட ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். ஜனாதிபதி தமது மந்திரி சபையோடு முன்பே கிழக்கே ஓடிவிட்டிருந்தார் என்பதைக் கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள்.

ஹூஸ்டன் யாரையும் கலந்து ஆலோசிக்கவில்லை. தம் திட்டம் என்ன என்று எவரிடமும் சொல்லவில்லை. பிராஸோஸ் கரையில் குரோஸ் என்பவருடைய பருத்தித் தோட்டத்தருகே இரண்டு வாரம் தங்கி, அந்தக் கும்பலுக்குச் சேனையின் ஒழுங்கைக் கற்பித்தார். சின்ஸினாட்டி நகரத்து ஜனங்கள் நன்கொடையாக அனுப்பிய இரண்டு சிறு பீரங்கிகள் வந்து சேர்ந்தன; அவற்றுக்கு இரட்டைச் சகோதரிகள் என்று பெயர். பிறகு புறப்பட்டு, ஒரு பாதை அமெரிக்க எல்லையை நோக்கியும் மற்றொன்று ஹாரிஸ்பர்க் நகரை நோக்கியும் பிரியும் இடத்துக்கு வந்தது சேனை. ஹாரிஸ்பர்க் இருந்த வலப்பக்கம் திரும்பும்படி ஹூஸ்டன் சொன்னாரா, வீரர்கள் தாமே திரும்பினார்களா என்று சரித்திர ஆசிரியர்கள் இன்றுவரை சண்டையிடுகிறார்கள். அவருடைய பகைவர்கள் எழுதியவற்றையும் படித்த பிறகு, ஒரு நாள்கூடத் தவறாமல் அமைந்த அந்தத் திருப்பம் தற்செயலாக நேர்ந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை. எதற்காக ஐந்து வாரம் காத்திருந்தாரோ அது அப்போது கைகூடியிருந்தது: ஓடும் மந்திரி சபையைப் பிடிக்கும் ஆவலில் ஸாந்தா அன்னா தம் பெருஞ்சேனையைப் பின்னே விட்டுவிட்டு ஒரு சிறு பகுதியுடன் முன்னே பாய்ந்து வந்துவிட்டார்.

ஏப்ரல் 21-ஆம் தேதி, ஸான் ஹஸிந்தோ நதியும் பஃபலோ ஓடையும் கூடும் புல்வெளியில் இரு சேனைகளும் எதிரெதிரே நின்றன. அன்று காலை உதவிப்படை வந்து சேர்ந்ததால் ஸாந்தா அன்னாவிடம் சுமார் 1,300 பேர். ஹூஸ்டனிடம் 900-க்குச் சற்று அதிகம். திரும்பிப் போக இருந்த வின்ஸ் பாலத்தை, காது மந்தமானவரான ஒற்றர் ஸ்மித்தை அனுப்பித் தகர்க்கச் செய்தார். இரு தரப்புக்கும் இனிப் பின்வாங்க இடமில்லை. பிற்பகல், மெக்ஸிக வீரர்கள் இரவெல்லாம் அரண் கட்டிய களைப்பில் கண்ணயர்ந்திருந்த வேளையில், டெக்ஸாஸ் படை மேட்டின் மறைவில் சத்தமின்றி நெருங்கிப் பாய்ந்தது. ஹுவான் ஸெகீன் என்பவருடைய தலைமையில் மெக்ஸிக வம்சத்து டெக்ஸாஸ்வாசிகளும் அந்த அணியில் இருந்தார்கள். பதினெட்டு நிமிஷத்தில் போர் முடிந்தது. போர் முடிந்ததே தவிரக் கொலை முடியவில்லை. அலமோவையும் கோலியாடையும் சொல்லிச் சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டவர்களையும் சதுப்பு நிலத்தில் தவித்தவர்களையும் இருட்டும்வரை கொன்றார்கள். ஹூஸ்டன் கத்தியும் எவரும் கேட்கவில்லை. அவர் தந்த அறிக்கையின்படி எதிரிகளில் 630 பேர் மாண்டார்கள், 730 பேர் சிறைப்பட்டார்கள். டெக்ஸாஸ் தரப்பில் இறந்தவர் ஒன்பது பேர். அவருக்குக் கணுக்காலில் குண்டு பாய்ந்து எலும்பு நொறுங்கிவிட்டது.

மறுநாள், சாதாரணச் சிப்பாயின் உடையில் பிடிபட்ட ஒருவரை முகாமுக்குள் கொண்டுவந்தபோது, சிறைப்பட்டிருந்த மெக்ஸிக வீரர்கள் ஜனாதிபதி, ஜனாதிபதி என்று எழுந்து நின்று மரியாதை செய்து அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள். ஓக் மரத்தடியில் காலை நீட்டிப் படுத்திருந்த ஹூஸ்டனின் முன் ஸாந்தா அன்னாவை நிறுத்தினார்கள். சுற்றிலும் நின்றவர்கள் தூக்குக் கயிறு கேட்டார்கள். கோலியாடில் தோழர்களைப் பறிகொடுத்தவர்களின் ஆத்திரத்தைக் குறை சொல்ல முடியுமா? ஹூஸ்டன் மறுத்தார். பின்னே ஆயிரக்கணக்கான மெக்ஸிக வீரர்கள் பிலிஸோலா என்ற தளபதியின் கீழ் இன்னும் இருக்கிறார்கள். உயிரோடிருக்கும் ஸாந்தா அன்னாவின் ஓர் உத்தரவு அவர்களைத் திருப்பி அனுப்பும், செத்த ஸாந்தா அன்னாவால் அது ஆகாது என்று அவர் கண்டார். உத்தரவு எழுதப்பட்டது, அந்தச் சேனை தெற்கே திரும்பிப் போயிற்று. பதினெட்டு நிமிஷப் போரை அமெரிக்கச் சிறுவர்கள் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்கள். அதற்கு முந்திய ஐந்து வாரமும் அதற்கு அடுத்த அந்த ஒரு பகலும் அதைவிடப் பெரியவை என்பேன்.

அவ்வாண்டு செப்டம்பரில் டெக்ஸாஸ் குடியரசின் ஜனாதிபதியாக அவர் பெருவாரியான வாக்குகளால் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் பெயரால் புதிய நகரம் ஒன்றும் எழுந்தது. அந்த ஆட்சியின் விவரங்களுக்குள் நான் அதிகம் நுழையப் போவதில்லை. கஜானா காலி, கடன் மிகுதி, சேனை கலகத்துக்குத் தயார் என்று சொன்னால் போதும். இரண்டு காரியங்களை மட்டும் குறிப்பிடுகிறேன். டெக்ஸாஸில் வாழ்ந்த செரோக்கிகளுக்கு, சுதந்திரப் பிரகடனத்துக்கு முன்பே ஹூஸ்டனே சென்று ஓர் உடன்படிக்கை செய்து நிலம் உறுதி கூறியிருந்தார். அவர்கள் போரில் தலையிடாமல் இருந்ததற்கு அதுவே விலை. போர் வென்றபின் டெக்ஸாஸ் செனட் சபை அந்த உடன்படிக்கையை நிராகரித்தது. அவருக்குப் பின் ஜனாதிபதியான லாமார், 1839-இல் செரோக்கிகளைச் சேனையை ஏவி விரட்டினார். எண்பது வயதைக் கடந்த அவர்களுடைய தலைவர் பௌல்ஸ், ஹூஸ்டன் பரிசளித்த வாளோடு நெக்கிஸ் போர்க்களத்தில் கொல்லப்பட்டார். இரண்டாவது, 1842-இல் மறுபடியும் ஜனாதிபதியாக இருந்தபோது, மெக்ஸிகோமீது படையெடுக்க டெக்ஸாஸ் காங்கிரஸ் நிறைவேற்றிய மசோதாவை அவர் வீட்டோச் செய்தார். கொன்றுவிடுவோம் என்று மிரட்டல் வந்தது. மாளிகையின் ஜன்னல்களைத் திறந்து வைத்து விளக்கேற்றி வழக்கம்போல் இருந்தார் என்பார்கள். இடையே ஒரு சிரிப்புக்கிடமான சம்பவமும் உண்டு: ஆஸ்டின் நகரிலிருந்து அரசாங்கத் தஸ்தாவேஜுகளை அகற்ற அவர் ஆளனுப்பியபோது, விடுதி நடத்திவந்த ஏஞ்ஜலினா எபர்லி என்ற அம்மையார் தெருவிலிருந்த பீரங்கியைத் தாமே வெடித்து ஊரைக் கூட்டிவிட்டார். தஸ்தாவேஜுகள் ஊருக்கே திரும்பின. இந்தப் போரிலும் பின்வாங்கியவர் ஹூஸ்டனே.

1840-இல் அலபாமாவைச் சேர்ந்த மார்கரெட் லீ என்னும் பக்தி மிகுந்த பெண்ணை மணந்தார். எட்டுக் குழந்தைகள் பிறந்தன. ஜாக்ஸனால் முடியாததை அந்த அம்மையார் சாதித்தார். ஹூஸ்டன் குடியை அறவே விட்டார். 1845-ஆம் ஆண்டு முடிவில் டெக்ஸாஸ் அமெரிக்க ஐக்கியத்தில் சேர்ந்தது, ஹூஸ்டன் செனட்டரானார். சிறுத்தைத்தோல் உட்சட்டை அணிந்து, சபை நடவடிக்கைகளின்போது பேனாக் கத்தியால் மரத்துண்டுகளைச் செதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். செதுக்கியவரே 1854-இல் எழுந்து நின்றார். கன்ஸாஸ், நெப்ராஸ்கா பிரதேசங்களில் அடிமை முறையை அந்தந்தப் பிரதேசத்து ஜனங்களே தீர்மானிக்கலாம் என்று ஒரு மசோதா வந்தது. 1820-ஆம் ஆண்டின் சமரச ஏற்பாடு வடக்கே அடிமை முறைக்கு வகுத்திருந்த எல்லையை அது அழித்தது. தென்பகுதி செனட்டர்களில் அதை எதிர்த்து வாக்களித்தவர்கள் இருவரே: டென்னஸியின் ஜான் பெல் ஒருவர், ஹூஸ்டன் மற்றொருவர். சமரசத்தை உடைத்தால் ஐக்கியம் உடையும், இந்தியர்களுக்கு என்றென்றைக்கும் என்று கொடுத்த நிலமும் பறிபோகும் என்று அவர் வாதாடினார். இரண்டும் நடந்தன. டெக்ஸாஸ் சட்டசபை அவரைக் கண்டித்துத் தீர்மானம் போட்டது. 1857-இல் கவர்னர் தேர்தலில் ஜனங்கள் அவரைத் தோற்கடித்தார்கள். 

இவ்விடத்தில் நிறுத்தி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். ஹூஸ்டன் அடிமை முறையின் விரோதி அல்லர். பன்னிரண்டு பேர் அளவில் அடிமைகள் அவர் வீட்டில் உழைத்தார்கள். அவர்களில் ஜாஷுவா என்பவருக்கு எழுத்தறிவு பெற இடம் கொடுத்தார், ஆனால் விடுதலை கொடுத்துத் தம் கட்சியை விளக்கியவர் அல்லர். வந்தேறிகளையும் கத்தோலிக்கர்களையும் வெறுத்த ஒரு கட்சியோடும் சில காலம் உறவாடினார். அவர் காத்தது ஐக்கியத்தை. மனித சமத்துவத்தை அன்று. அவரைத் தியாகியாக்கிப் படம் மாட்டுகிறவர்கள் இதை மறைக்கிறார்கள். மறைத்துத்தான் மாட்டவேண்டும் என்றால் மாட்டாமலே இருக்கலாம்.

1859-இல் ஜனங்கள் மனம் மாறி அவரைக் கவர்னராக்கினார்கள். அடுத்த ஆண்டு லிங்கன் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவுடன் தென்ராஜ்யங்கள் ஒவ்வொன்றாக ஐக்கியத்தை விட்டு விலகின. டெக்ஸாஸில் கூடிய மகாநாடு 166-க்கு 8 என்ற வாக்கில் விலகலைத் தீர்மானித்தது. 1861 பிப்ரவரியில் எடுத்த பொதுஜன வாக்கெடுப்பிலும் மூன்றில் ஒரு பங்குகூட எதிர்ப்பு இல்லை. எல்லா அதிகாரிகளும் புதிய தென்கூட்டரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்யவேண்டும் என்று ஆணை பிறந்தது. மார்ச்சு 16-ஆம் தேதி, சட்டசபை மண்டபத்தில் அவர் பெயரை மூன்று முறை உரக்க அழைத்தார்கள். கவர்னர் கீழ்த்தள அறையில் உட்கார்ந்து மரத்துண்டு செதுக்கிக்கொண்டிருந்தார். எழுந்து வரவில்லை. பதவி போயிற்று, லெப்டினண்ட் கவர்னர் கிளார்க் அந்த நாற்காலியில் அமர்ந்தார்.

அவரைப் பதவியில் நிறுத்த ராணுவ உதவி அனுப்பச் சித்தம் என்று லிங்கனிடமிருந்து கடிதம் வந்திருந்தது. ஹூஸ்டன் நெருங்கிய நண்பர்கள் நால்வரை இரவில் அழைத்து அதைப் படித்துக்காட்டிக் கருத்துக் கேட்டார். மூவர் வேண்டாம் என்றார்கள். அவர் கடிதத்தை அடுப்பில் போட்டார். நம் இராமகாதையை வைத்து விவாதிக்கும் சபைகளில், அதர்மம் என்று அறிந்தும் அண்ணனுக்காகப் போரிட்டு மடிந்த கும்பகர்ணன் பெரியவனா, அண்ணனை விட்டு எதிர்ப்பாசறை சேர்ந்த விபீஷணன் பெரியவனா என்று கேட்போம். அண்ணன்மாரின் செய்கையையும் ஏற்காமல், எதிர்ப்படையைத் தம் ஊருக்குள்ளும் அழைக்காமல், ஆசனத்தை விட்டு எழுந்து வீட்டுக்குப் போன மூன்றாமவனுக்கு அந்த விவாதத்தில் இடமில்லை. இடம் இருக்கவேண்டும் என்பது என் கட்சி.

அவர் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை. ஏப்ரல் மாதத்தில், வடக்குக்கும் தெற்குக்கும் போர் தொடங்கிய பிறகு, கால்வெஸ்டன் நகரில் கொதித்து நின்ற கூட்டத்தின் முன் ஒரு மேன்மாடத்தில் தோன்றி, கணக்கற்ற பொருளும் லட்சக்கணக்கான உயிரும் பலியாகும் என்றும், வடக்கத்தியர் மெதுவாகக் கிளம்புவார்களே தவிரக் கிளம்பினால் நிற்கமாட்டார்கள் என்றும் எச்சரித்தார். கூட்டம் அவரை அடிக்கவில்லை, கேட்கவும் இல்லை. அவருடைய மூத்த மகனே தென்சேனையில் சேர்ந்து, 1862-இல் ஷைலோ போரில் காயம்பட்டுச் சிறைப்பட்டான். தகப்பனாரால் தடுக்க முடியவில்லை. ஹண்ட்ஸ்வில் என்ற ஊரில், நீராவிப் படகின் வடிவில் கட்டிய ஒரு வாடகை வீட்டில், 1863-ஆம் ஆண்டு ஜூலை 26-ஆம் தேதி, எழுபதாவது வயதில் ஹூஸ்டன் காலமானார். அந்த மாதத் தொடக்கத்தில்தான் கெட்டிஸ்பர்க்கிலும் விக்ஸ்பர்க்கிலும் தென்கூட்டரசின் முதுகெலும்பு முறிந்திருந்தது. டெக்ஸாஸ் 1870-இல் ஐக்கியத்துக்குத் திரும்பியது. அடிமையாயிருந்த ஜாஷுவா, விடுதலைக்குப் பின் அதே வட்டாரத்தில் ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட கமிஷனராகப் பணி செய்தார்.

ஹூஸ்டனைப் பற்றி மார்க்விஸ் ஜேம்ஸ் 1929-இல் எழுதிய சரித்திரம் சுவையானது. கென்னடி செனட்டராயிருந்தபோது 1956-இல் வெளியிட்ட நெஞ்சுரம் உடையோர் பற்றிய நூலிலும் இவருக்கு ஓர் அத்தியாயம் உண்டு. ஆனால் இங்கே வந்திருக்கும் இளைஞர்கள் அவற்றோடு நின்றுவிடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். டெக்ஸாஸ் பல்கலைக்கழகம் அவருடைய கடிதங்களையும் பேச்சுகளையும் எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டிருக்கிறது. அவற்றில் 1854-ஆம் ஆண்டுச் செனட் சபைப் பேச்சை முதலில் படியுங்கள். ஸான் ஹஸிந்தோ யுத்த அறிக்கையைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.